பிழையும் வழக்கும்: மென்பொருள் மூலநிரலில் எழுத்துப்பிழை திருத்தத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

மென்பொருளின் மூலநிரலிலும் அதனைச் சார்ந்த ஆவணங்களிலும் காணப்படும் எழுத்துப்பிழைகளைத் திருத்துதல் பெரும்பாலும் சிறுபணியாகவே மதிக்கப்படுகிறது. எனினும், 1960கள் முதல் இன்றுவரை அப்பணி நடந்துவந்த முறையை நோக்கினால், எளிதில் திருத்தப்படும் பிழைகளும் எவராலும் திருத்த இயலாத பிழைகளும் அருகருகே நிற்பதைக் காணலாம். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் பிழையின் அளவன்று. அப்பிழையை நம்பியிருக்கும் வாசகர் யாவர் என்பதே என்னும் கருதுகோளை இக்கட்டுரை முன்வைக்கிறது. யூனிக்ஸ், எச்டிடிபி, ஒருங்குறி, லினக்ஸ் கெர்னல், கெட்டெக்ஸ்ட் ஆகியவற்றிலிருந்து சான்றுகள் எடுத்தாளப்படுகின்றன. ஆங்கில மூலத்தில் நிகழும் ஓரெழுத்துத் திருத்தம் தமிழ் இடைமுகத்தைப் பாதிக்கும் வகையும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: எழுத்துப்பிழை, மூலநிரல், பிழைப்பட்டியல், நெறிமுறை, ஒருங்குறி, மென்பொருள் தமிழாக்கம், பதிப்பியல்.

முன்னுரை

சுவடிப் பதிப்பில் பயின்றோர்க்கு எழுத்துப்பிழை புதிய பொருளன்று. ஏடெழுதுவோர் கைப்பிழை எது, ஆசிரியர் கொண்ட பாடம் எது எனப் பிரித்தறிவது பதிப்பாசிரியரின் முதற்கடன். பிழையெனத் துணிந்த இடத்திலும் மூலத்தை மாற்றிவிடாமல், திருத்தத்தையோ பாடபேதத்தையோ அடிக்குறிப்பில் தருவது பதிப்பு மரபு.

மென்பொருளின் மூலநிரலும் ஒரு பனுவலே. பலர் அதனை எழுதுகின்றனர், பலர் படியெடுக்கின்றனர், பின்வருவோர் திருத்துகின்றனர். ஆனால், இலக்கியப் பனுவலுக்கு மனிதர் மட்டுமே வாசகராக இருக்க, மூலநிரலுக்கு வாசகர் இருவகையினர். நிரலை இயக்கும் கணிப்பொறி ஒருவகை. அதனைப் படித்துப் பேணும் மனிதர் மற்றொரு வகை. நிரலுக்குள் எழுதப்படும் விளக்கக் குறிப்பில் உள்ள பிழை கணிப்பொறிக்குப் பொருட்டன்று. மாறியின் பெயரில் உள்ள பிழை, எல்லா இடங்களிலும் ஒரே வகையாக எழுதப்பட்டிருக்குமாயின், அதற்குப் பிழையே ஆகாது. இவ்விரு வாசகரிடையே எழும் முரண்பாடே மூலநிரல் பிழைதிருத்த வரலாற்றின் மையம் எனலாம்.

கணிப்பொறி திருத்திய பிழைகள்

நிரலில் உள்ள எழுத்துப்பிழையைக் கணிப்பொறியே திருத்தலாம் என்னும் எண்ணம் 1960களின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது. அந்நாளில் மாணவர்கள் நிரலைத் துளையட்டைகளில் பதிந்து கணிப்பொறி நிலையத்தில் ஒப்படைத்து, விடைக்காகக் காத்திருக்க வேண்டும். ஓரெழுத்துத் தவறினால் அந்தக் காத்திருப்பு முழுதும் வீணாகும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கான்வே, மேக்ஸ்வெல் ஆகியோர் உருவாக்கி 1963இல் வெளியுலகுக்கு அறிமுகப்படுத்திய கார்க் என்னும் மொழி இவ்விடர்ப்பாட்டுக்கு விடையாக அமைந்தது. பிழைபட்ட சொல்லைக் கண்டதும் நின்றுவிடாமல், இயன்றவரை அதனைத் திருத்திக்கொண்டு நிரலை இயக்க முயல்வது அதன் இயல்பு. 1970இல் ஹோவர்ட் மார்கன் இத்தகைய திருத்தத்தை அமைப்பு நிரல்களுக்கு விரித்துக் கட்டுரை எழுதினார்.

இம்முயற்சிகளுக்கு அடிப்படை தந்தது டேமரோ 1964இல் வெளியிட்ட ஆய்வு. ஓரெழுத்து மிகுதல், ஓரெழுத்துக் குறைதல், ஓரெழுத்து வேறோர் எழுத்தாதல், அடுத்தடுத்த ஈரெழுத்துகள் இடம்மாறுதல் என்னும் நான்கனுள் ஒன்றாகவே எழுத்துப்பிழைகளில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை அமைகின்றன என அவர் கண்டார். தோன்றல், திரிதல், கெடுதல் எனப் புணர்ச்சி விகாரங்களை வகுத்துப் பழகிய தமிழ் மாணவர்க்கு இப்பகுப்பு அயன்மையாகத் தோன்றாது. இலக்கணம் கூறுவது விதிவழிப்பட்ட மாற்றம். டேமரோ கூறுவது கைத்தவறு. எனினும், மாற்றங்களைச் சில வகைகளுள் அடக்கிவிடலாம் என்னும் நோக்கு இரண்டுக்கும் பொது.

திருத்தத்தைக் கணிப்பொறியிடம் முற்றிலும் ஒப்படைப்பதன் இடர் விரைவில் வெளிப்பட்டது. வாரன் டெய்ட்டல்மன் லிஸ்ப் மொழிச் சூழலில் உருவாக்கிய டிவிம் என்னும் கருவி, பயனர் எழுதியதை விடுத்து அவர் கருதியதைச் செய்ய முயன்றது. அக்கருவியைக் குறித்து நிரலர் வழக்குச் சொற்களின் தொகுப்பான ஜார்கன் ஃபைல் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. பழைய படிகளை மட்டும் அழிக்கும் கட்டளையை ஒருவர் இட்டார். அத்தகைய கோப்புகள் இல்லாமையால், எல்லாக் கோப்புகளையும் அழிக்கவே அவர் கருதினார் எனக் கருவி முடிவுசெய்து அழிக்கத் தொடங்கிற்று. நிகழ்ச்சியின் நுணுக்கங்கள் எவ்வாறாயினும், அதிலிருந்து நிரலர் உலகம் பெற்ற படிப்பினை தெளிவானது. பிழையைச் சுட்டுவது வேறு. உரியவர் இசைவின்றித் திருத்துவது வேறு. 2016இல் வெளிவந்த ஜிசிசி 6 முதலிய இக்கால நிரல்பெயர்ப்பிகள், தவறான பெயரைக் கண்டால் நெருங்கிய சொல்லொன்றைப் பரிந்துரைத்து, நிரலை மாற்றாமல் நின்றுவிடுகின்றன.

எதிர்நிலையும் இருந்தது. ஃபோர்ட்ரான் மொழியில் மாறிகளை முன்கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை. எனவே, பெயரில் ஓரெழுத்துத் தவறினால் அது பிழையாகக் கொள்ளப்படாமல் புதியதொரு மாறியாகவே கொள்ளப்பட்டது. நிரல் இயங்கும், விடை மட்டும் தவறும். எல்லாப் பெயர்களையும் கட்டாயம் அறிவிக்கச் செய்யும் கூற்றை ஃபோர்ட்ரான் 90 தரப்பாடு முறைப்படி ஏற்றது. எழுத்துப்பிழையைப் பிழையென அறியச்செய்வதற்கே மொழியின் இலக்கணத்தில் ஒரு விதி தேவைப்பட்டமை இங்குக் கருதத்தக்கது.

சொற்பட்டியலும் பிழைப்பட்டியலும்

மனித வாசகருக்கான பிழைதிருத்தம் வேறு வழியில் வளர்ந்தது. ஸ்டான்போர்டில் ரால்ஃப் கோரின் 1971இல் பிடிபி-10 கணிப்பொறிக்கு எழுதிய ஸ்பெல் நிரலும், பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன் 1975இல் ஒரு பிற்பகலில் எழுதியதாகக் கூறப்படும் யூனிக்ஸ் ஸ்பெல் நிரலும் ஆவணத்தின் சொற்களைச் சொற்பட்டியலோடு ஒப்பிட்டன. பட்டியலில் இல்லாத சொல் ஐயத்துக்குரியது என்பது அவற்றின் அடிப்படை. டக் மக்கில்ராய் யூனிக்ஸ் நிரலைத் திருத்தியமைத்து, முன்னொட்டு பின்னொட்டுகளைக் களைந்து, ஏறத்தாழ 30,000 சொற்களைப் பிடிபி-11இன் 64 கிலோபைட் நினைவக எல்லைக்குள் அடக்கினார். அதன் வரலாற்றை அவர் 1982இல் எழுதினார்.

இம்முறை கட்டுரைக்கும் கடிதத்துக்கும் பொருந்தியது, மூலநிரலுக்குப் பொருந்தவில்லை. மூலநிரலில் வரும் பெயர்கள் பல குறுக்கங்கள், பல கூட்டுச்சொற்கள், எந்த அகராதியிலும் இடம்பெறாதவை. அகராதியோடு ஒப்பிட்டால் வரிக்கு வரி ஐயம் எழும். மெய்யான பிழை அவ்வையங்களுக்கிடையே மறைந்துவிடும்.

ஆகவே, ஒப்பீட்டின் திசை மாற்றப்பட்டது. சரியான சொற்களின் பட்டியலுக்கு மாறாக, மக்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளின் பட்டியல் தொகுக்கப்பட்டது. டெபியன் திட்டத்தின் லின்டியன் கருவி இத்தகைய பட்டியலைக் கொண்டிருந்தது. அதிலிருந்து எடுத்து, பொய்யான சுட்டல்களை நீக்கி, கெர்னலில் கண்ட புதிய பிழைகளைச் சேர்த்து அமைத்த பட்டியலொன்று 2014இல் லினக்ஸ் கெர்னலின் மூலத்தில் இடம்பெற்றது. ஒவ்வொரு வரியிலும் பிழையான வடிவம், இரு நெடுங்கோடுகள், திருந்திய வடிவம் என்பதே அதன் அமைப்பு. திருத்தத் துணுக்குகளைச் சோதிக்கும் செக்பேட்ச் நிரல் இதனைப் பயன்படுத்துகிறது. 2010களின் தொடக்கத்தில் தோன்றிய கோட்ஸ்பெல் கருவியும் இவ்வகையினதே. அதன் பட்டியல் ஆங்கில விக்கிப்பீடியாவினர் தொகுத்த பிழைப்பட்டியலை அடியாகக் கொண்டது.

பிழைப்பட்டியல் முறை அறியாத பிழையைக் காணாது. ஆனால், கண்டதைப் பெரும்பாலும் சரியாகவே காணும். முழுமையைத் துறந்து நம்பகத்தைப் பெறும் தேர்வு இது. எது பிழை என்பதில் கருத்து வேறுபடும் இடமும் உண்டு. பிரித்தானிய, அமெரிக்க எழுத்துமுறை வேறுபாடுகளைக் கோட்ஸ்பெல் பொதுப்பட்டியலில் சேர்க்காமல் தனிப்பட்டியலாக வைத்துள்ளது. இணையப் பக்க வடிவமைப்புக்குரிய சிஎஸ்எஸ், சாம்பல் நிறத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் இரு வடிவங்களையும் ஏற்றுக்கொள்கிறது. அங்கு ஒன்று பிழை, மற்றொன்று திருத்தம் என்னும் நிலை இல்லை, இரண்டும் வழக்கே.

வழக்காகிவிட்ட பிழைகள்

பிழை காலம் கடந்தபின் வழக்காகிவிடுவதும் உண்டு. யூனிக்ஸ் இயங்குதளத்தில் புதிய கோப்பை உருவாக்கும் அழைப்பின் பெயர், 'கிரியேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் இறுதியில் வரவேண்டிய 'ஈ' என்னும் எழுத்தின்றி அமைந்துள்ளது. 1971 நவம்பரில் வெளிவந்த யூனிக்ஸின் முதற்பதிப்புக் கையேட்டிலேயே அவ்வடிவம் உள்ளது. யூனிக்ஸை மீண்டும் வடிவமைத்தால் எதனை மாற்றுவீர் என வினவியபோது, அந்த ஓரெழுத்தைச் சேர்ப்பேன் எனக் கென் தாம்சன் விடையளித்ததாகக் கெர்னிகனும் பைக்கும் 1984இல் எழுதிய நூல் பதிவுசெய்கிறது. இப்பிழை தன்னளவில் நின்றுவிடவில்லை. கோப்பைத் திறக்கும் அழைப்போடு பின்னர் வழங்கலான குறிச்சொல்லும், செயல்முறைகளிடையே தொடர்பு ஏற்படுத்தும் பகுதியின் குறிச்சொல்லும் அதே எழுத்தை இழந்தே அமைந்தன. பின்வந்தோர் பிழையை அறியாமல் பின்பற்றினர் எனல் பொருந்தாது. இனத்தோடு ஒத்திருத்தல் வேண்டும் என்பதால் பின்பற்றினர் எனக் கொள்வதே தகும்.

இணைய நெறிமுறையில் உள்ள சான்று இதனினும் புகழ்பெற்றது. ஒரு பக்கத்திற்கு எப்பக்கத்திலிருந்து வந்தோம் என்பதைத் தெரிவிக்கும் எச்டிடிபி தலைப்புப் புலத்தின் பெயர் 'ரெஃபரர்' என்பது. ஆங்கில எழுத்துமுறைப்படி அச்சொல்லில் 'ஆர்' என்னும் எழுத்து நான்கு முறை வரவேண்டும்; புலத்தின் பெயரிலோ மூன்றுமுறையே வருகிறது. பிலிப் ஹாலம்-பேக்கரின் முன்மொழிவில் புகுந்த இவ்வடிவம், 1996 மே மாதத்தில் வெளியான ஆர்எஃப்சி 1945இல் நிலைபெற்றது. அவ்வாவணத்தின் ஆசிரியருள் ஒருவரான ராய் ஃபீல்டிங், இவ்விரு வடிவங்களுள் எதனையும் அந்நாளைய யூனிக்ஸ் பிழைதிருத்தி அறியவில்லை என 1995இல் குறிப்பிட்டார். சொற்பட்டியல் முறையின் எல்லையை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. சரியும் பிழையும் ஒருங்கே பட்டியலுக்கு வெளியே நிற்கும்போது, கருவியால் தேர்வுசெய்ய இயலாது.

1999, 2014, 2022 ஆகிய ஆண்டுகளில் நெறிமுறை புதுக்கப்பட்டபோதும் அப்பெயர் மாற்றப்படவில்லை. மாற்றினால், உலகெங்கும் இயங்கும் வழங்கிகளும் உலாவிகளும் ஒன்றன் சொல்லை மற்றொன்று அறியாது போகும். ஆனால், அதே பொருளில் பின்னர் அமைந்த தனியுரிமைக் கொள்கைத் தலைப்புப் புலமும், ஜாவாஸ்கிரிப்ட்டில் ஆவணத்தின் பண்பாக வரும் பெயரும் திருந்திய வடிவிலேயே உள்ளன. யூனிக்ஸில் பிழை வழித்தோன்றல்களுக்கும் தொடர்ந்தது. இணையத்தில் அது தொடங்கிய இடத்தோடு நின்றது. இதன் விளைவாக, இணைய நிரலர் ஒரே சொல்லை ஒரே நிரலில் இருவகையாக எழுத வேண்டியுள்ளது.

ஆர்எஃப்சி ஆவணங்களின் பதிப்பு முறையும் இங்கு நோக்கத்தக்கது. வெளியான ஆவணத்தின் வாசகம் பின்னர் மாற்றப்படுவதில்லை. கண்டறியப்பட்ட பிழைகள் தொழில்நுட்பம் சார்ந்தவை, பதிப்புச் சார்ந்தவை எனப் பிரிக்கப்பட்டுத் தனியே பட்டியலிடப்படுகின்றன. நம் பழைய அச்சுநூல்களின் இறுதியில் இணைக்கப்பட்ட பிழைதிருத்தப் பக்கத்தோடு இது ஒத்தது.

ஒருங்குறியில் அடிக்குறிப்பு மரபு

ஒருங்குறியில் ஒவ்வொரு குறியுருவுக்கும் எண்ணும் பெயரும் உண்டு. ஒருமுறை வழங்கிய பெயரை ஒருபோதும் மாற்றுவதில்லை என்பது அதன் நிலைபேற்றுக் கொள்கை. நிரல்கள் பெயரைக்கொண்டு எழுத்தைத் தேடுவதால் இக்கொள்கை தேவையாகிறது. இதனால், செங்குத்து எழுத்துமுறைக்குரிய அடைப்புக்குறியொன்றின் பெயரில், 'பிராக்கெட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் 'சி', 'கே' என்னும் எழுத்துகள் இடம்மாறியே இன்றும் உள்ளன. பைசாந்திய இசைக்குறியொன்றின் பெயரிலும் ஈரெழுத்துகள் இடம்மாறியுள்ளன. டேமரோ வகுத்த நான்காம் வகைப் பிழைக்கு இவை நேர்ச்சான்றுகள்.

இதற்கு ஒருங்குறி கண்ட தீர்வு முறைசார் மாற்றுப்பெயர். பிழையான பெயர் அழிக்கப்படுவதில்லை; திருந்திய பெயர் அதனருகே வைக்கப்படுகிறது; நிரல்கள் இரண்டனுள் எதனையும் பயன்படுத்தலாம். மூலபாடத்தைக் காத்துத் திருத்தத்தை அடிக்குறிப்பில் தரும் பதிப்பு மரபின் நிரல்வழி வடிவம் எனவே இதனைக் கூறலாம்.

திராவிட மொழியாய்வாளர்க்கு நெருக்கமான சான்றும் இப்பட்டியலில் உண்டு. பழங்கன்னடத்தில் வழங்கிப் பின்னர் வழக்கொழிந்த ழகரத்துக்கு ஒருங்குறியில் 'கன்னட எழுத்து ஃப' எனப் பொருள்படும் பெயர் இடப்பட்டுவிட்டது. பெயர் மாறவில்லை, தமிழ் ழகரத்துக்கு வழங்கும் பெயரோடு ஒத்த மாற்றுப்பெயர் சேர்க்கப்பட்டது. தமிழ்ப் பகுதியில் ஆய்தத்தின் பெயர் 'விசர்க்கம்' என்றே உள்ளது. ஆய்தம் என்பது குறிப்பாக மட்டுமே தரப்பட்டுள்ளது. தமிழில் இல்லாத அனுஸ்வாரமும் ஒரு குறியுருவாக இடம்பெற்று, தமிழில் வழங்குவதில்லை என்னும் குறிப்போடு நிற்கிறது. இவை எழுத்துப்பிழைகள் அல்ல. மொழியின் இலக்கண மரபோடு பொருந்தாத பெயரீடுகள். ஆயினும், பெயர் நிலைபெறுமுன் நோக்காதது பின்னர்க் குறிப்பாக மட்டுமே எஞ்சும் என்பதை இவையும் காட்டுகின்றன.

ஆங்கிலத் திருத்தமும் தமிழ் இடைமுகமும்

கட்டற்ற மென்பொருள்கள் பலவற்றின் தமிழாக்கம் கெட்டெக்ஸ்ட் என்னும் அமைப்பின்வழி நடைபெறுகிறது. அதில் ஆங்கிலத் தொடரே திறவுகோல். அதற்கு நேராகத் தமிழ்த்தொடர் எழுதப்படும். நிரல் இயங்கும்போது ஆங்கிலத்தொடரைக் கொண்டே தமிழ்த்தொடர் தேடப்படுகிறது.

இவ்வமைப்பில், ஆங்கிலத் தொடரில் உள்ள எழுத்துப்பிழையை ஒருவர் திருத்தினால் திறவுகோலே மாறிவிடுகிறது. கோப்புகளை இணைக்கும் கருவி, பழைய மொழிபெயர்ப்பை முற்றிலும் கைவிடாமல் 'ஐயத்துக்குரியது' எனக் குறித்து வைக்கும். அக்குறி நீங்கும்வரை, இயல்பான அமைப்பில் அத்தொடர் பயன்பாட்டுக்கு வராது. பயனர் தமிழ்த்தொடருக்கு மாறாக ஆங்கிலத் தொடரையே காண்பார். தமிழில் ஒரு பிழையும் இல்லை. தமிழ்த்தொடரை எவரும் தொடவுமில்லை. ஆயினும் அது மறைந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் மிகுந்த மொழிகளில் இக்குறை சில நாளில் நீங்கும். ஓரிருவர் தம் ஓய்வுநேரத்தில் தாங்கிவரும் மொழியில் அது அடுத்தடுத்த வெளியீடுகளுக்கும் நீளக்கூடும்.

இதனாலேயே, க்னோம் முதலிய திட்டங்கள் வெளியீட்டுக்கு முன் தொடர் உறைவுக்காலம் ஒன்றை வகுத்துள்ளன. அக்காலத்தில் பயனர் காணும் ஆங்கிலத் தொடர்களை இசைவின்றி மாற்றலாகாது. திருத்துவோர் எல்லா மொழிக் கோப்புகளிலும் மூலத்தொடரை உடன்மாற்றித் தந்தால் இவ்விழப்பு நேராது. பிழைதிருத்தம் என்பது ஒரு சொல்லைத் தொடுவதாகத் தோன்றினும், அச்சொல்லோடு பிணைந்த பிற பனுவல்களையும் தொடுவதே என்பது இதனால் புலனாகும்.

சிறுதிருத்தத்தின் மதிப்பு

எழுத்துப்பிழை திருத்தத்தின் மதிப்பைக் குறித்து லினக்ஸ் கெர்னலின் வழிகாட்டி ஆவணங்களே இருவேறு நிலைகளைக் காட்டுகின்றன. திருத்தங்களை அனுப்பும் முறை பற்றிய வழிகாட்டி, எளிய திருத்தங்களைத் தனிவழியில் ஏற்க இடந்தந்தது. அவற்றுள் ஆவணங்களில் உள்ள எழுத்துப்பிழைகள் ஒருவகை. கிரெப் என்னும் தேடுகருவியின் தேடலைக் கெடுக்கக்கூடிய பிழைகள் மற்றொரு வகை. இரண்டாவது வகை நுட்பமானது. பிழையாக எழுதப்பட்ட சொல் தேடுவோர்க்கு அகப்படாது. அகப்படாத வரி பேணுவோர் கண்ணில் இல்லாத வரி. சொல்லடைவில் விடுபட்ட சொல்லால் ஆய்வாளர்க்கு நேரும் இழப்பும் இத்தகையதே.

நிலைத்த வெளியீடுகளுக்குரிய விதியோ, எழுத்துப்பிழை, இடைவெளி முதலிய எளிய திருத்தங்களை ஏற்பதில்லை. இது முரணன்று, வாசகர் வேறுபாடு. வளரும் மூலத்தை நிரலர் நாள்தோறும் படிக்கின்றனர். நிலைத்த வெளியீட்டைப் பயனர் இயக்குகின்றனர். இயக்குவோர்க்குப் பயன்தராத மாற்றம், எவ்வளவு சிறிதாயினும், இடர்வாய்ப்பு மட்டுமே. மேலும், ஒரு வரியைக் கடைசியாக மாற்றியவர் யார் எனக் காட்டும் பதிவில், எழுத்தைத் திருத்தியவர் பெயர் மேலெழுந்து, கருத்தை எழுதியவர் பெயர் ஒருபடி பின்செல்கிறது.

டொனால்ட் குனூத் தம் நூல்களில் பிழை காண்போருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பிவந்தார். அச்சுப்பிழையும் அதில் அடங்கும். டெக் நிரலின் பிழைகளை அவர் 1989இல் வெளியிட்ட கட்டுரையில் 15 வகையாகப் பகுத்தபோது, சிறு தட்டச்சுப்பிழைக்கும் ஒரு தனிவகை தந்தார். பிழை சிறிதென்பதால் பதிவிலிருந்து நீக்கவில்லை. மறுமுனையில், ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வு உள்ளது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் பங்களிப்போர்க்குச் சட்டை பரிசளித்த அந்நிகழ்வில், 2020இல் பொருளற்ற ஆவணத் திருத்தங்கள் பெருகின. திட்டங்களைப் பேணுவோர் முறையிட்டனர். விரும்பி இணையும் திட்டங்களுக்கு மட்டுமே என விதி மாற்றப்பட்டது. எண்ணிக்கைக்காகச் செய்யப்படும் திருத்தம், படித்துக் கண்ட திருத்தத்தின் மதிப்பையும் குறைத்துவிடுகிறது. புதியவர் பலர்க்குப் பெருந்திட்டமொன்றில் நுழையும் முதல்வாயில் எழுத்துப்பிழை திருத்தமே ஆதலின், இவ்விழப்பு சிறிதன்று.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் பெறப்படுவன வருமாறு:

மூலநிரலில் உள்ள எழுத்துப்பிழை திருத்தப்படுமா என்பதை முடிவுசெய்வது பிழையின் பெருமை சிறுமை அன்று. அதனை நம்பியிருக்கும் வாசகரின் பரப்பே. விளக்கக் குறிப்பில் உள்ள பிழை எளிதில் திருந்தும். உள்நிலைப் பெயர் கவனத்தோடு திருந்தும். நெறிமுறையிலும் தரப்பாட்டிலும் நிலைபெற்ற பெயர் திருந்துவதில்லை.

கருவிகளின் வளர்ச்சியில், தாமே திருத்தும் போக்கு குறைந்து, சுட்டிக்காட்டி இசைவு பெறும் போக்கு மேலோங்கியுள்ளது. சரியான சொற்களின் பட்டியலினின்று பிழைகளின் பட்டியலுக்கு மாறியமை மூலநிரலின் தனித்தன்மையால் நேர்ந்தது.

திருத்த இயலாத பிழைக்கு ஒருங்குறியின் மாற்றுப்பெயரும் ஆர்எஃப்சியின் பிழைப்பட்டியலும் தரும் தீர்வு, பதிப்பியலின் அடிக்குறிப்பு மரபோடு ஒத்துள்ளது.

ஆங்கில மூலத்தின் திருத்தம் பிறமொழி இடைமுகங்களைப் பாதிக்கும். ஆகவே, தமிழாக்கக் குழுக்கள் மொழிபெயர்ப்போடு நில்லாமல், மூலத்தொடர்களின் பிழைகளை உறைவுக்காலத்துக்கு முன்பே கண்டு தெரிவித்தல் இரு பனுவல்களுக்கும் நலம் பயக்கும். எழுத்தும் சொல்லும் நோக்கிப் பழகிய தமிழ் ஆய்வாளர்க்கு இப்பணியில் உரிய இடமுண்டு. பிழை வழக்காவதற்கு முன் உள்ள காலம் குறுகியது. படிப்பவர் கண்ணில் அது படவேண்டிய காலமும் அதுவே.